ஃபிராங்க் வெஸ்ஸைக் கடைசியில் கேளுங்கள்

போப் (பீபாப்) என்று சொல்லப்படும், 1940களில் பிறந்த ஜாஸ் வகையைக் கேட்டுப் பழக ஆசை, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்கு நான் ஒரே ஒரு இசைத்தட்டைத்தான் சொல்வேன். புல்லாங்குழல் கலைஞர் ஃபிராங்க் வெஸ் 1956இல் சவாய் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த 'ஓபஸ் இன் ஸ்விங்'. ஆறு பாட்டுகள், ஐந்து பேர். பியானோ இல்லை, ட்ரம்பெட் இல்லை, சாக்ஸபோனும் இல்லை. ஒரு மாலைக்கு ஒருவர் என்று ஐந்து மாலைகள் ஒதுக்கிக் கேட்டால் போதும். அதற்கப்புறம் வேறு எந்த போப் தட்டைப் போட்டாலும், உள்ளே யார் என்ன செய்கிறார் என்பதைக் காது தானாகவே பிரித்துக் காட்டத் தொடங்கும்.

ஒரு நிபந்தனை மட்டும். தட்டின் தலைவர் வெஸ்தான், அட்டையில் இருப்பதும் அவர் பெயர்தான். ஆனாலும் அவரை ஐந்தாவது மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். குழலின் பின்னாலேயே போனேன். அழகாக இருந்தது, ஆனால் சில நிமிடங்களுக்கு மேல் மனம் நிற்கவில்லை. 'இனிமையான இசை' என்று எடுத்து வைத்துவிட்டேன். பிறகு ஒரு மழை நாளில் துணி மடித்துக்கொண்டே கேட்டபோது, குழலுக்குப் பின்னால் ஒரு கிதார் 'சக் சக் சக் சக்' என்று ஓயாமல் நடந்துகொண்டிருப்பது காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தட்டு முழுவதையும் கேட்டேன். குழல் யாரோடு பேசுகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

கேட்பதற்கு முன்

பாட்டுச் செயலிகளில் தேடும்போது வெஸ்ஸின் பெயரையும் தட்டின் பெயரையும் சேர்த்து ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள். முதல் பாட்டு 'கான்சாஸ் சிட்டி சைட்' என்று இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அதன்பின் 'சதர்ன் எக்ஸ்போஷர்', 'ஓவர் த ரெயின்போ', 'வெஸ் சைட்', 'ப்ரிட்டி ஐஸ்', 'ஈஸ்ட் விண்ட்'. கலந்துபோடும் வசதியை அணைத்துவிட்டு வரிசையாகவே கேளுங்கள்.

போனின் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் பேஸ் என்ற கீழ்ச்சுர வாத்தியத்தின் ஒலி கரைந்துவிடும், அந்த 'சக் சக்' கிதாரும் மங்கிவிடும். பேஸும் கிதாரும் போனால் தட்டில் பாதி போன மாதிரி. சாதாரண ஹெட்போன் போதும். இது மோனோ பதிவு, இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வரும், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம். பதிவுசெய்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி கொடுக்கும் தொழில், மற்ற நேரத்தில் நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக் ஊரில் தன் பெற்றோர் வீட்டு முன்கூடத்தில் ஒலிப்பதிவு. 1950களின் மிகச் சிறந்த ஜாஸ் தட்டுகளில் பல அந்தக் கூடத்தில் உருவானவை. இந்த ஐந்து பேரும் 1956 ஜூன் 20 அன்று அங்கேதான் கூடினார்கள்.

யார் இந்த வெஸ்

1922இல் மிசௌரி மாநிலத்து கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர். அடிப்படையில் சாக்ஸபோன்காரர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வாத்தியக் குழுவில் இருந்துவிட்டு வந்தவர், போர் முடிந்து திரும்பியவர்களுக்கு அரசு தந்த கல்வி உதவியைக் கொண்டு வாஷிங்டனில் புல்லாங்குழல் படித்தார். நேஷனல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைச் சேர்ந்த வாலஸ் மேன் அவருக்கு ஆசிரியர். செவ்வியல் முறையில் ஒழுங்காக மூச்சுப் பழகியவர் என்பது பிறகு நமக்குப் பயன்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1953இல் கவுண்ட் பேஸி நடத்திய பெரிய ஜாஸ் குழுவில் சேர்ந்து 1964 வரை அங்கேயே இருந்தார். ஜாஸில் அதற்கு முன்பே குழல் உண்டு. 1920களில் ஆல்பெர்ட்டோ சொகராஸ், 1930களில் வேமன் கார்வர் என்று ஒருசிலர் வாசித்திருக்கிறார்கள். ஆனால் பெரிய குழுவில், பித்தளை வாத்தியங்களின் நடுவே, குழலுக்கு நிலையான இடம் பிடித்துத் தந்தவர் வெஸ். இருந்தும் புல்லாங்குழல் ஜாஸ் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹெர்பி மேன். வெஸ் பதினொரு வருடம் இன்னொருவர் பெயரிலான குழுவில் உட்கார்ந்து வாசித்தவர். பேஸி கேட்டால் டெனர் சாக்ஸபோன், கேட்டால் ஆல்டோ, கேட்டால் குழல். எல்லாவற்றையும் நன்றாகச் செய்கிறவரை எதற்கும் உரியவராக மக்கள் நினைப்பதில்லை. அவர் பெயர் தாழ்ந்துபோனதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. இந்தத் தட்டில் அவர் குழலை மட்டும்தான் கையில் எடுக்கிறார்.

முதல் மாலை: ஃப்ரெடி கிரீன்

அந்த 'சக் சக்' இவருடையது. 1937இல் பேஸி குழுவில் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது வருடம் அதே நாற்காலியில் இருந்தவர். மின்சாரம் இல்லாத கிதார், ஆம்ப்ளிஃபயர் கிடையாது, தந்திகளை விரல்பலகையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியிருப்பார். சோலோ, அதாவது தனி வாசிப்பு, என்று எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு தட்டு, நாலடிக்கு நாலு தட்டு, அவ்வளவுதான் அவர் வேலை.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது: முதல் பாட்டைப் போட்டு, குழலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, இந்தக் கிதாரைக் கண்டுபிடியுங்கள். தட்டில் இரண்டு கிதார் உண்டு. மினுமினுப்பாக, மின்சார ஒலியோடு பாடுவது கென்னி பரல். மரத்தைத் தட்டுகிற மாதிரி குட்டையாக ஒலித்து உடனே அடங்குவது கிரீன். கண்டுபிடித்ததும் அவரோடு சேர்ந்து காலைத் தட்டுங்கள். ஒன்று இரண்டு மூன்று நாலு, ஒன்று இரண்டு மூன்று நாலு. அப்புறம் கையால் இரண்டிலும் நாலிலும் மட்டும் தட்டிப் பாருங்கள். நமக்கு முதல் அடியில் அழுத்தம் கொடுத்துப் பழக்கம். ஜாஸில் உடம்பு அசைவது இரண்டிலும் நாலிலும்தான். முதலில் கை தடுமாறும். மூன்றாவது பாட்டுக்குள் சரியாகிவிடும்.

பதினாறு பேர் கொண்ட பேஸி குழுவில் கிரீனைக் கேட்பதைவிட உணரத்தான் முடியும். இங்கே பியானோ இல்லை, சத்தமான வாத்தியம் எதுவும் இல்லை. அதனால் அவருடைய ஒவ்வொரு தட்டும் கேட்கிறது. ஃப்ரெடி கிரீனின் ஆளுமையை இவ்வளவு பக்கத்தில் கேட்கக் கிடைக்கும் தட்டுகள் அதிகம் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் மாலை: எட்டி ஜோன்ஸ், கூடவே கொஞ்சம் கணக்கு

ஜோன்ஸும் பேஸி குழுக்காரர்தான். ஆக வெஸ், கிரீன், ஜோன்ஸ் மூவரும் இரவுக்கு இரவு ஒரே மேடையில் வாசித்துப் பழகியவர்கள். டபுள் பேஸை வில்லில்லாமல் விரலால் இழுத்து, அடிக்கு ஒரு சுரமாக ஏறி இறங்கிப் போவார். 'நடக்கும் பேஸ்' என்று சொல்வது இதைத்தான். பிற்காலத்தில் முழுநேர இசையை விட்டு ஐபிஎம்மில் வேலைக்குப் போனவர் இவர். அது எனக்கு எப்போதும் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்று எண்ண வேண்டும். ஜாஸ் பாட்டு ஒரு சுற்றுக்குள் சுழல்கிறது. மெட்டை ஒருமுறை முழுவதும் வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதன் அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) வரிசையை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு, மேலே கற்பனையாக வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்ப வரும். கற்பனை எவ்வளவு தூரம் போனாலும் அடியில் சுற்று மாறாது. இதைப் பிடித்துவிட்டால் 'இவர்கள் எங்கே இருக்கிறார்கள்' என்ற திணறல் போய்விடும்.

சுற்றில் இரண்டு வகை தெரிந்தால் தொடங்கப் போதும். ஒன்று புளூஸ்: நாலடி கொண்ட 12 பகுதிகள், மொத்தம் 48 அடி. இன்னொன்று 32 பகுதிப் பாட்டு: எட்டெட்டாக நாலு துண்டு. முதல் துண்டும் இரண்டாவதும் கிட்டத்தட்ட ஒன்றே, மூன்றாவது வேறு ஊருக்குப் போய்வருகிற மாதிரி இருக்கும், நாலாவது மறுபடி முதல் துண்டு.

பேஸைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். "ஒன்று இரண்டு மூன்று நாலு, இரண்டு இரண்டு மூன்று நாலு, மூன்று இரண்டு மூன்று நாலு" என்று ஒவ்வொரு பகுதியின் முதல் அடியிலும் பகுதியின் எண்ணைச் சொல்லிக்கொண்டே போங்கள். பன்னிரண்டு முடிந்ததும் மறுபடி வீட்டுக்கு வந்த உணர்வு கிடைத்தால் புளூஸ். கிடைக்காவிட்டால் எட்டெட்டாக எண்ணிப் பாருங்கள். தாளம் போடத் தெரிந்தவர்கள் விரல் எண்ணிக்கையில் வைத்துக்கொள்ளலாம், வேலை பாதியாகக் குறையும்.

இந்த எண்ணிக்கைக்கு 'ஓவர் த ரெயின்போ'வை முதலில் எடுங்கள். 1939இல் ஒரு திரைப்படத்துக்காக ஹரால்ட் ஆர்லென் மெட்டமைத்து ஜூடி கார்லண்ட் பாடியது. 32 பகுதி வடிவத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. கார்லண்ட் பாடியதை இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்றாவது துண்டு எங்கே தொடங்குகிறது என்று பிடித்துவிட்டு, பிறகு வெஸ்ஸிடம் வாருங்கள். மற்ற ஐந்து பாட்டுகளில் எது எந்த வகை என்பதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே எண்ணிக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சியை எடுத்துவிட மனமில்லை.

மூன்றாம் மாலை: கென்னி கிளார்க்

போப் என்ற சொல்லின் பொருள் இன்று புரிய வேண்டும். ஏனென்றால் இந்த ஐவரில் போப் பிறந்த இடத்திலேயே இருந்தவர் இவர்தான்.

போப்புக்கு முந்தைய, ஜாஸ் ஆட்டத்துக்கான இசையாக இருந்த ஸ்விங் காலத்தில் ட்ரம்ஸ்காரரின் முக்கிய வேலை காலடியில் இருக்கும் பெரிய ட்ரம்மை அடிக்கு ஒன்றாக இடித்துக்கொண்டே இருப்பது. மக்கள் ஆட வேண்டும், தாளம் நெஞ்சில் இடிக்க வேண்டும். 1930களின் கடைசியில் கிளார்க் அந்தக் காலக்கணக்கைக் காலிலிருந்து எடுத்து, வலது கையில், தாங்கியின் மேலே இருக்கும் பெரிய வட்டத் தகடான சிம்பலுக்கு மாற்றினார். 'டிங், டிங்க-டிங், டிங்க-டிங்' என்று தொடர்ந்து மினுங்கிக்கொண்டே போகும் ஒலி அது. மிக வேகமான பாட்டில் காலால் ஈடுகொடுக்க முடியாமல்தான் இந்த மாற்றமே வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

விளைவு பெரியது. காலும் இடது கையும் விடுதலையாகின. இனி அவை எதிர்பாராத இடத்தில் ஒரு குத்து, ஒரு தட்டு என்று சோலோ வாசிப்பவருக்குப் பதில் சொல்லலாம். இப்படி வாசித்ததற்காக டெடி ஹில் என்ற குழுத் தலைவர் கிளார்க்கை வேலையைவிட்டு அனுப்பினார். அதே டெடி ஹில்தான் பிறகு ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் விடுதியின் பொறுப்பாளரானதும், கிளார்க்கை அழைத்து அங்கே குழு அமைக்கச் சொன்னார். பியானோவுக்கு தெலோனியஸ் மங்க் வந்தார். டிஸ்ஸி கில்லஸ்பி, சார்லி பார்க்கர் போன்றவர்கள் இரவுகளில் வந்து வாசித்தார்கள். 1940களின் தொடக்கத்தில் அந்தச் சிறிய மேடையில் முளைத்ததுதான் போப். ஆட்டத்துக்கான இசையாக இருந்த ஜாஸ், உட்கார்ந்து கவனித்துக் கேட்கும் இசையாக மாறிய இடம் அது.

இப்போது தட்டைப் போடுங்கள். ஒரு கண்டுபிடிப்பு காத்திருக்கிறது. கிரீனின் கிதார் முழுக்க ஸ்விங் காலத்துக் கணக்கு: நாலடிக்கு நாலு சமமான தட்டு. கிளார்க் அந்தக் கணக்கை உடைத்து வெளியே வந்தவர். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறார் வெஸ். சண்டை வர வேண்டிய இடம். ஆனால் என்ன நடக்கிறது கேளுங்கள். கிரீன் தரையைப் பார்த்துக்கொள்வதால் கிளார்க்குக்கு அதைக் காவல் காக்கும் கவலை இல்லை, அவர் லேசாகிவிடுகிறார். குழல் மென்மையான வாத்தியம் என்பதை ஒரு நொடிகூட மறக்காமல், அதே சமயம் சோம்பாமல் வாசிக்கிறார். எங்கே குச்சி, எங்கே கம்பி பிரஷ் என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். குச்சி என்றால் சிம்பல் மணிபோல் ஒலிக்கும். பிரஷ் என்றால் உமியைப் புடைக்கிற மாதிரி 'ஷ்ஷ்' என்று கேட்கும். பிறகு ஒரு பாட்டில் குழல் சோலோவின்போது இடது கைத் தட்டுகளை மட்டும் தொடருங்கள். வெஸ் ஒரு வாக்கியம் முடித்து மூச்சு எடுக்கும் இடங்களில் கிளார்க் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள்.

இதே 1956இல் கிளார்க் அமெரிக்காவை விட்டு பாரிஸுக்குக் குடிபோய்விட்டார். அதற்குச் சில மாதங்கள் முந்தைய பதிவு இது. அதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது எனக்கு அந்த சிம்பல் ஒலி இன்னும் கொஞ்சம் விலைமதிப்புள்ளதாகத் தோன்றும்.

நான்காம் மாலை: கென்னி பரல்

இருபத்து நாலு வயது. டெட்ராய்ட்டிலிருந்து நியூயார்க் வந்த புதிது. தன் பெயரில் முதல் தட்டை புளூ நோட் நிறுவனத்துக்குப் பதிவுசெய்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

இவருக்கு இங்கே இரண்டு வேலை. சோலோ வாசிக்கும்போது கிதார் ஒரு குழல் மாதிரி, ஒற்றைச் சுர வரிகளாகப் பாடும். வெஸ் வாசிக்கும்போது பியானோ இல்லாத குறையை இவர் நிரப்ப வேண்டும். கிரீன் ஒவ்வொரு அடியிலும் தட்டுவதால் இவரும் தட்டினால் நெரிசல்தான். ஆகவே எங்கே சும்மா இருக்கிறார் என்று கேளுங்கள். இளைஞர், வாய்ப்புக் கிடைத்த நாள், பக்கத்தில் கென்னி கிளார்க். இருந்தும் விலகி நிற்கத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு இந்த ஒன்றைக் கவனித்தால் போதும்.

ஐந்தாம் மாலை: வெஸ்

இப்போது குழலுக்கு வருவோம். தரை தெரியும், சுற்று தெரியும், பதில் சொல்பவர்கள் யார் என்று தெரியும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் மூங்கில் குழலின் காதோடு இதைக் கேட்காதீர்கள். விரலைத் துளையின் மேல் வழுக்கிக் கமகம் கொண்டுவருவது அந்தக் குழலின் உயிர். இது உலோகக் குழல், துளைகளை மூடுவது விரல் இல்லை, மூடிகள். தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியர் 1847இல் வடிவமைத்த அந்த மூடி அமைப்பின் பலமே பன்னிரண்டு சுரத்தானங்களையும் சமமான தெளிவோடு, வேகமாக எடுக்க முடிவதுதான். போப்புக்கு அதுதான் தேவை. சுரக்கூட்டுகள் விரைந்து மாறும், அரைச் சுர இடைவெளிகளில் வரி நெளிந்து போகும். வழுக்கலை எதிர்பார்த்தால் ஏமாற்றம். அடி எடுத்து வைக்கும் துல்லியத்தைக் கேட்டால் விருந்து.

'ஓவர் த ரெயின்போ'வில் தொடங்குங்கள். மெட்டின் முதல் இரண்டு சுரங்கள் ஒரு முழு ஸ்தாயி தாவுகின்றன. புல்லாங்குழலில் கீழ் ஸ்தாயியிலிருந்து நடு ஸ்தாயிக்குப் போக விரல் இடம் பெரும்பாலும் மாறாது. உதட்டையும் மூச்சையும் மாற்றித்தான் தாவ வேண்டும். கொஞ்சம் அதிகம் ஊதினால் கீச்சென்று வரும், குறைத்தால் சுரம் தொங்கிவிடும். இந்தப் பாட்டில் அந்தத் தாவல் வரும் இடங்களையெல்லாம் தேடிப் பிடித்து, ஒவ்வொரு முறையும் அவர் அதை எப்படிக் கையாள்கிறார் என்று ஒப்பிடுங்கள். வாஷிங்டனில் சிம்பொனிக்காரரிடம் பழகிய மூச்சு இங்கேதான் தெரியும்.

பிறகு முதல் பாட்டுக்குத் திரும்பி, மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். வாக்கியம் எங்கே தொடங்குகிறது? ஸ்விங் கால வாசிப்பில் அது பெரும்பாலும் அடியில் வந்து உட்காரும். போப்பில் அடிக்குச் சற்று முன்போ பின்போ நழுவித் தொடங்கும், முடியும்போதும் அப்படியே. அடுத்து, சுரங்களின் எடை. வேகமாக ஓடும் வரியில் எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் இல்லை. சில சுரங்களை நாக்கால் தொட்டும் தொடாமலும் விழுங்கிவிடுவார். அந்த ஏற்ற இறக்கம்தான் வரியைப் பேச்சாக்குகிறது. கடைசியாக, கீழ் ஸ்தாயி. மேலே போனால் குழல் எவர் காதிலும் விழும். கீழே அது மூச்சு கலந்த, சன்னமான ஒலி. பெரிய குழுவில் கீழ் ஸ்தாயியில் வாசித்தால் காணாமல் போய்விடும். இங்கே பியானோ இல்லாமல், மென்மையான ட்ரம்ஸோடு, வான் கெல்டரின் மைக்குக்கு அருகில் நிற்பதால் வெஸ் கீழே இறங்கி ரகசியம் சொல்வதுபோல் வாசிக்க முடிகிறது. இந்த நால்வரை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கான விடை அந்தக் கீழ்ச் சுரங்களில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

இது 'சுத்தமான' போப் இல்லை, ஸ்விங் கலந்தது என்று சிலர் ஒதுக்குவதுண்டு. வெஸ்ஸின் ஒலியில் பழைய உருண்டை இருப்பது உண்மைதான். ஆனால் அவர் சொல்லும் வாக்கியங்கள் மின்டன்ஸுக்குப் பிந்தையவை. புதிதாக வருபவருக்கு இந்தக் கலவையே நல்லது. நிற்கப் பழக்கமான தரை இருக்கும்போது புதிய பேச்சு காதில் நன்றாக ஏறுகிறது.

அடுத்து என்ன கேட்கலாம்

ஒரு வாரம் இடைவெளி விட்டு, மில்ட் ஜாக்சனின் 'ஓபஸ் டி ஜாஸ்'. 1955 அக்டோபரில் அதே கூடத்தில், அதே சவாய்க்காகப் பதிவானது. வெஸ், எட்டி ஜோன்ஸ், கென்னி கிளார்க் மூவரும் இதிலும் உண்டு. இரண்டு கிதாருக்குப் பதில் ஜாக்சனின் வைப்ரஃபோனும் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) ஹேங்க் ஜோன்ஸின் பியானோவும். 'ஓபஸ் டி ஃபங்க்' என்ற நீண்ட பாட்டை எடுத்து, பியானோ வந்ததும் கிளார்க்கின் வாசிப்பு எப்படி மாறுகிறது என்று ஒப்பிடுங்கள். அதில் வெஸ் டெனர் சாக்ஸபோனும் வாசிக்கிறார், ஒரே மனிதர் இரண்டு வாத்தியங்களில் சிந்திப்பதைக் கேட்கலாம்.

பேஸி குழுவில் அவர் குழலைக் கேட்க 'மிட்ஜெட்ஸ்', 'க்யூட்' இரண்டும் போதும். 1957இன் 'வீலின் அண்ட் டீலின்' தட்டில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுக்குப் பக்கத்தில் வாசிக்கிறார். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், நீளமான சோலோக்கள், காது இன்னும் பழக வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்தேன்: யாழ் வகையைச் சேர்ந்த ஹார்ப்பில் போப் வாசித்த டோரதி ஆஷ்பியின் 'ஹிப் ஹார்ப்', 1958. ஹார்ப், வெஸ்ஸின் குழல், பேஸ், ட்ரம்ஸ், வேறு யாரும் இல்லை. ஜாஸுக்கு ஒத்துவராது என்று பலர் நினைத்த இரண்டு வாத்தியங்களும் அதில் முன்னால் நிற்கின்றன. 'பாக்கி' என்ற முதல் பாட்டைப் போட்டு, பழக்கப்படி இரண்டிலும் நாலிலும் கையைத் தட்டிக்கொண்டே கேளுங்கள்.